மூன்று நூல் துளை

லெஸ்டர் குபியாக்குக்கு யாரையும் நம்பக் கூடாது என்பதில் இருந்த பக்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருந்ததில்லை. பூசைக்குத் தவறாமல் போவார். காணிக்கைத் தட்டு வரும்போது பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு போடுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் அதை மனைவி மார்லிஸிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் வண்டியின் சன்னல் வழியே அறுத்துப்போட்ட மக்காச்சோள வயல்களைப் பார்த்தபடி "ம்" கொட்டிக்கொண்டு வருவாள். விஸ்கான்சினில் ஆற்றோரத்து ஊர் அது. பார்ப்பதற்கு வயலை விட்டால் வேறொன்றும் கிடையாது.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர் இல்லை அவர். ஆற்றங்கரைக் காகித ஆலையில் மீசை முளைத்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். ஆலை தள்ளாடுகிறது, எல்லாரும் சம்பளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று மேலதிகாரிகள் வந்து கெஞ்சியபோது, கூட்டத்தில் எழுந்து நின்று "குடுப்போம்யா, நம்ம ஆலைதானே" என்று பேசியவர் லெஸ்டர். அவர் பேச்சைக் கேட்டுத்தான் பாதிப்பேர் கை தூக்கினார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஆலையை மூடினார்கள். மூடுவது முன்பே முடிவாகியிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அதன்பிறகு அவர் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனார். சாராயக்கடையில் பழைய ஆட்கள் சீட்டாடும் மேசைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். வீட்டுக் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார்.

மார்லிஸை மட்டும் நம்பினார். அவள் கத்திரிக்கோலோடு பின்னால் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு முடிவெட்டத் தலையைக் கொடுப்பார். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே வயதானவள் மார்லிஸ். ஊரில் பாதிப்பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள். அவளுக்கு எல்லாரையும் பிடிக்கும், எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். இந்த ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாய் என்று யாராவது கேட்டால், "என்கிட்ட நல்லாத்தான் இருக்கார்" என்பாள். அது உண்மை.

நவம்பர் வந்தால் அந்த ஊரில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஒத்திப்போட முடிந்தால் சாவையும் ஒத்திப்போடுவார்கள். ஆண் மான்கள் பெட்டையைத் தேடிப் பித்துப்பிடித்து அலையும் அந்த நாட்களில் ஊர் ஆண்களெல்லாம், பெண்களில் பாதிப்பேரும், வில்லோடு மரத்தில் இருப்பார்கள். லெஸ்டருக்கும் அது ஒன்றுதான் மிச்சமிருந்த சந்தோஷம். ஆலை போன பிறகு முகத்தில் சிரிப்பைப் பார்க்கவேண்டுமென்றால் மார்லிஸ் நவம்பர்வரை காத்திருக்கவேண்டும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தம்பி வெர்ன் மண்ணைப் போட்டான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. எல்டன் ராஸ்க் என்பவருடைய காட்டில் லெஸ்டர் ஒரு மரத்தில் ஏணியும் பலகையும் கட்டியிருந்தார். ஒரு கொம்பு உள்பக்கமாக வளைந்த பெரிய ஆண் மானொன்றின்மேல் மூன்று வருடமாகக் கண் வைத்திருந்தார். ஒருநாள் தொழிற்சாலையில் ஆள் வரவில்லை என்று அவரைக் கூடுதலாக ஒரு நாள் வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அன்று காலை வெர்ன் அந்தப் பலகையில் உட்கார்ந்தான், வளைந்த கொம்பன் நேராக வந்து நின்றது, அடித்துவிட்டான். தலையைப் பாடம் செய்து தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தான். லெஸ்டர் அதற்குப்பிறகு தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் அடக்கத்தில்கூடக் கல்லறையின் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

அன்று வெர்னைப் போய் உட்காரச் சொன்னது மார்லிஸ். அவன் சும்மா தொலைபேசியில் கூப்பிட்டான். லெஸ் இன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார், பலகை சும்மாதான் இருக்கிறது, நீ போய் உட்காரேன் என்று அவள் சொன்னாள். கறி எப்படியும் இரண்டு வீட்டுக்கும்தானே வரும் என்று நினைத்தாள். சாயங்காலம் லெஸ்டர் வந்து சமையலறையில் நாற்காலியை உதைத்துக் கத்தியபோது அவளுக்கு நாக்கு எழவில்லை. வெர்னாவது சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லவில்லை, திருட்டுப்பயல் பட்டத்தை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான்.

ஏணியைப் பார்த்தவனெல்லாம் ஏறுவான் என்று லெஸ்டர் அதைக் கழற்றி எறிந்தார். போல்ட்டுக்கு மாறினார். கோடையிலேயே மரத்தில் அடியிலிருந்து உச்சிவரை உள்நோக்கிச் சரிவாகத் துளை போட்டு வைத்துவிட வேண்டும். வேட்டைக்குப் போகும்போது ஒரு சாணுக்குமேல் நீளமான இரும்பு போல்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொன்றாகத் துளையில் செருகிச் செருகி மேலே ஏற வேண்டும். இறங்கும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்துவிடலாம். மரத்தில் வெறும் துளைதான் மிஞ்சும். லெஸ்டருக்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது. ஆனால் ஊரில் எல்லாரும் போடுவது நாலு நூல் துளை, அதாவது அரை அங்குலம். ஒருவன் துளையில் இன்னொருவன் போல்ட் கச்சிதமாகப் பொருந்தும். அந்தக் கவலை அவரை விடவில்லை.

அதோடு ஒருநாள் மேலே அவர் கண்ணயர்ந்த நேரத்தில், கீழே செருகியிருந்த போல்ட்டுகளை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கியதில் சட்டையோடு நெஞ்சுத்தோலும் கிழிந்தது. மார்லிஸ் மருந்து போட்டுவிடும்போது சிரித்துவிட்டாள்.

"சிரி. வெர்ன் வேலைதான் இது."

"அவன் எதுக்கு லெஸ் உன் போல்ட்டத் திருடணும்? விடலைப்பசங்க விளையாட்டா இருக்கும்."

"உனக்கு எல்லாரும் பசங்கதான்."

அதற்குப்பிறகு இரண்டு ஏற்பாடு செய்தார். ஒன்று, கீழ் போல்ட்டுகளின் தலையில் கயிறு கட்டி, ஏறியபிறகு மேலே நின்று அவற்றை உருவித் தன்னோடு எடுத்துக்கொள்வது. இரண்டு, புது மரத்தில் மூன்று நூல் துளை. இரும்புக் கடைக்காரர், இவ்வளவு ஒல்லியாக வாங்கி மனுஷன் ஏறினால் தாங்குமா என்று கேட்டார். உசத்தி இரும்பாகக் கொடு, தாங்கும் என்றார் லெஸ்டர். தாங்கவும் செய்தது. எந்த மரம் என்பதை மார்லிஸிடமும் சொல்லவில்லை. அவளை நம்பாமல் இல்லை, அவள் வாயைத்தான் நம்பவில்லை.

இந்த வருடம் கோடையிலேயே அவருக்குத் தலைசுற்றல் வந்தது. ஒருநாள் கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது, கொஞ்ச நேரம் பேச்சு குழறியது. மருத்துவர் ரத்தக்கொதிப்பு என்றார், மாத்திரை கொடுத்தார், மரம் ஏறினால் பிணமாகத்தான் இறங்குவீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மார்லிஸ் அழுது, சண்டை போட்டு, கடைசியில் தரையில் கூடாரம் போட்டு அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டையாட அவரைச் சம்மதிக்கவைத்தாள். எல்டன் ராஸ்க்கின் காட்டோரம் பழுப்பு நிறக் கூடாரம் ஒன்று முளைத்தது. அவள் கூடவே போய்ப் பார்த்தாள். நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாள்.

நவம்பரில் ஒருநாள் காலை வழக்கமான நேரத்துக்கு அவர் முட்டை தின்ன வீடு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்போரம் நிறுத்திவிட்டு, உறைபனி படிந்த தட்டைகளை மிதித்துக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தாள். உள்ளே நாற்காலியில் அவருடைய பழைய கோட்டைச் சாய்த்து வைத்து, மேலே ஒரு தொப்பியும் கவிழ்த்திருந்தார். தூரத்திலிருந்து அவள் எட்டிப்பார்த்தால் ஆள் இருப்பதாகத் தெரியட்டும் என்று. அவள் தைத்த மெத்தையில் இதுவரை யாரும் உட்காரவே இல்லை.

"கிழட்டுக் கழுதை," என்று வாய்விட்டுச் சொன்னாள். கோபத்தில்தான் காட்டுக்குள் போனாள். மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடைப் பள்ளம்வரை இறங்கினாள்.

"லெஸ்! லெஸ்டர்!"

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"கத்தாதே," என்றது குரல், தலைக்கு மேலிருந்து.

பெரிய மேப்பிள் மரத்தில், பலகைக்குக் கீழே, விழாமலிருக்க மரத்தோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் முதுகுப்பட்டையில் அவர் தொங்கிக்கொண்டிருந்தார். காயப்போட்ட சட்டை மாதிரி தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது கால் மட்டும் மரத்தைத் தேடித் தேடி உதைத்தது, பனி படிந்த மரத்தில் வழுக்கியது. வலது கால் அசையவில்லை.

"ஐயோ கடவுளே. எப்பலேருந்து?"

"இப்பதான். காபி ஊத்தப் போனேன். கை சொன்னதக் கேக்கல."

"நான் கூப்பிட்டப்ப ஏன் பதில் சொல்லல?"

"உன்கூட யாரு வந்திருக்காங்கன்னு பாத்தேன்."

மார்லிஸுக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. "போல்ட் எங்க லெஸ்?"

"பையில."

பை அவர் தலைக்கு மேலே கொக்கியில் தொங்கியது. அவர் ஏறிய போல்ட்டுகளில் மேலே இருந்தவை மரத்தின் மறுபக்கத்தில் அப்படியே இருந்தன. காலுக்கு எட்டவில்லை. அவருடைய காலணிக்கும் மார்லிஸின் கைக்கும் நடுவே இன்னொரு ஆள் உயரம் இருந்தது. கீழே மரத்தில் வெறும் துளைகள்தான் இருந்தன.

அவள் குச்சிகளைப் பொறுக்கித் துளையில் திணித்துக் கால் வைத்தாள். பட்டென்று முறிந்தன. கட்டையொன்றை உருட்டிவந்து மேலே நின்று பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. கைபேசியை எடுத்தாள். அந்தப் பள்ளத்தில் என்றைக்குமே சிக்னல் கிடைத்ததில்லை. பட்டையில் நெடுநேரம் தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்கி ஆளைக் கொன்றுவிடும் என்பது அந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஓடைக்கு அந்தப்புறக் காடு வெர்னுடையது. அவன் நிச்சயம் ஏதாவது மரத்தில்தான் இருப்பான். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"யாரக் கூப்பிடற?" என்றார் லெஸ்டர்.

"வெர்ன!"

"வேணாம்."

"வாய மூடு, லெஸ்."

அவள் கத்திய கத்தலில் காக்கைகள் எழும்பின. கொஞ்ச நேரத்தில் ஓடைத் தண்ணீரைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு வெர்ன் வந்தான். முகத்தில் மான் கண்ணுக்குத் தப்பப் பூசிய பச்சையும் கறுப்புமான சாயம், முதுகில் வில், கையில் அவனுடைய போல்ட் பை. அண்ணாந்து ஒருதரம் பார்த்தான். நேராக மரத்தடியில் மண்டியிட்டு ஒரு போல்ட்டை எடுத்து முதல் துளையில் வைத்து அழுத்தினான்.

அது போகவில்லை. திருகிப் பார்த்தான். போல்ட்டின் முனையை உற்றுப் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். அதுவும் போகவில்லை. ஒரு கல்லை எடுத்து ஓங்கி அடித்தான். மரப்பட்டை நசுங்கியது, போல்ட் கீழே விழுந்தது. துளையின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"என்ன துளைடா இது, லெஸ்?"

பன்னிரண்டு வருடத்தில் அண்ணனிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.

"மூணு நூல்," என்றார் லெஸ்டர்.

"மூணு நூல் எவன்டா போடுவான்?"

"நாலு நூல் போட்டா நீ ஏறிடுவியே."

வெர்ன் துளையிலிருந்து கட்டைவிரலை எடுத்தான். மண்டியிட்ட நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தான். அவன் முகச்சாயத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று மார்லிஸுக்குத் தெரியவில்லை.

"ஏணி?" என்றாள் அவள்.

"ஏணி மருமகன் வீட்ல இருக்கு, கூரை வேலைக்குன்னு கொண்டுபோனான். எல்டன் வீட்ட வித்துட்டு டவுனுக்குப் போயாச்சு. பக்கத்துல என் வீடுதான்." அவன் எழுந்துவிட்டான். "துளை போடற மெஷின எடுத்துட்டு வரேன். பக்கத்துல புதுசாப் போட்டு ஏறிடலாம். மேட்டுக்குப் போனதும் தீயணைப்புக்கும் போன் பண்றேன். அவனப் பேசவெச்சுட்டே இரு. அந்த ஒரு கால உதைக்கச் சொல்லு, நிறுத்த விடாத."

"தீயணைப்புக்காரங்க வருவாங்களா, வெர்ன்?"

வெர்ன் அவளைப் பார்த்தான். ஊரின் தீயணைப்புப் படை சம்பளத்துக்கு வேலை செய்வதில்லை. சாராயக்கடைக்காரன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், பண்ணைக்காரர்கள் என்று தெரிந்த ஆட்கள்தான். நவம்பரின் இந்த வாரத்தில், இந்த நேரத்தில், அத்தனைப் பேரும் கைபேசியை அணைத்துவிட்டு மரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

"யாராச்சும் ஒருத்தன் எடுப்பான்," என்று சொல்லிவிட்டு ஓடினான். அவனுக்கும் அறுபதாகிறது. ஓடைக்கு அந்தப்புறம் மேட்டில் விழுந்து எழுந்து ஓடுவது தெரிந்தது.

"போயிட்டான்," என்றார் லெஸ்டர்.

"மெஷின் எடுக்கப் போயிருக்கான்."

"வர மாட்டான்."

"வருவான். கால உதை."

"நான் அவனா இருந்தா வர மாட்டேன்."

"நீ அவன் இல்ல. உதை லெஸ், எனக்காக உதை."

இடது கால் உதைத்தது. அவள் கட்டைமேல் நின்று மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்தக் காலணியின் அடிப்பகுதியைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். முட்டை ஆறிப்போயிருக்கும் என்றாள். நாற்காலியில் கோட்டை உட்கார வைத்ததற்கு வீட்டுக்கு வா, உன்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்றாள். அதற்கு அவர் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூச்சு குட்டையாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"என் கால் இருக்கா பாரு, மார்."

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

"எனக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "மூணு வருஷம் பாத்தேன் அந்தக் கொம்பன. குட்டியா இருந்தப்பவே விட்டேன், வளரட்டும்னு. கூடப்பொறந்த அண்ணன்னு பாக்காம வந்து உக்காந்தான் பாரு. அவனா வரப்போறான்?"

கால் உதைப்பது நின்றிருந்தது.

மார்லிஸ் அப்போது யோசித்தது ஒன்றுதான். இந்த ஆள் வெர்ன் வரமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். அதனால்தான் காலை நிறுத்திவிட்டார். வெர்ன் துரோகம் செய்யவில்லை என்று இவருக்குத் தெரிந்தால், அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால், காத்திருப்பார். ஓடையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். காத்திருந்தால் போதும். அவள் மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"லெஸ், நான்தான் அவன உக்காரச் சொன்னேன்."

மேலே முதுகுப்பட்டை மட்டும் கிறீச்சிட்டது.

"கேக்குதா? அன்னிக்கு அவன் போன் பண்ணினான். நீ வேலைக்குப் போயிட்டே, போய் உக்காருன்னு நான் சொன்னேன். அவனா வரல. எனக்குப் பயம், உன்கிட்டச் சொல்லல. அவனும் என்னக் காட்டிக்குடுக்கல. பன்னெண்டு வருஷமா திட்டு வாங்கிட்டு இருக்கான், எனக்காக. அவன் அப்படிப்பட்டவன் லெஸ். வருவான். உதை."

"நீயா," என்றார் லெஸ்டர்.

"ஆமா. நான்தான். அவன் மேல தப்பே இல்ல."

"உனக்கும் அவனுக்கும் தெரியும்."

"தெரியும்."

"ரெண்டு பேரும் சேந்து வெச்சிருந்தீங்க. பன்னெண்டு வருஷம்."

"சேந்து இல்ல லெஸ், அப்படி இல்ல, கேளு..."

அவர் தலையை மெல்லத் திருப்பி அவளைப் பார்த்தார். அதற்கே ரொம்பக் கஷ்டப்பட்டார். ஆலையை மூடிய அன்று சாயங்காலம் வாசற்படியில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்ற அதே முகம். அவளுக்கு அந்த முகம் நன்றாக ஞாபகம் இருந்தது.

"அப்ப சரி," என்றார்.

அதற்குப்பிறகு அவர் பேசவில்லை. அவள் கூப்பிட்டாள், கெஞ்சினாள், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள், பைத்தியக்காரி மாதிரி மரத்தைக் கையால் அடித்தாள். காலணிகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, முனை கீழே பார்த்துத் தொங்கின. காற்றில் பட்டை மெல்லத் திரும்பியபோது அவரும் அந்தப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. வெர்ன் வண்டியை வயலுக்குள்ளேயே விட்டு ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். எஞ்சினை அணைக்காமல் இறங்கி ஓடிவந்தான். வந்ததும் மேலே பார்த்து, "லெஸ்! வந்துட்டேன்டா!" என்று கத்தினான். மெஷின் கூவியது. வெள்ளை மரத்தூள் மார்லிஸின் தொப்பிமேல் கொட்டியது. துளை, போல்ட், கால், மறுபடி துளை. கிழவனுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. மேலே போய் அண்ணனின் காலணிகளைத் தன் தோளில் ஏந்தி, முழு எடையையும் தூக்கிப்பிடித்தான். "நில்லுடா, என் மேல நில்லு, பயப்படாம நில்லு," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொல்வதை நிறுத்தக் காத்திருந்து, நிறுத்தியபிறகு மார்லிஸ் கட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சீருடை போட்டவன் ஒருவன்கூட இல்லை. எல்லாரும் முகத்தில் சாயத்தோடும் இலை அச்சடித்த வேட்டைச் சட்டையோடும் நேராக அவரவர் மரத்திலிருந்து வந்திருந்தார்கள். கயிறு கட்டி லெஸ்டரை இறக்கினார்கள். பதமாகத்தான் இறக்கினார்கள். சாராயக்கடைக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். "போன ஆஃப் பண்ணிட்டேன் மார்லிஸ். இந்த வாரம் மட்டுந்தான் ஆஃப் பண்ணுவேன்," என்றான். அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். நாலாம் வகுப்பில் அவனுக்குக் காய்கறி பிடிக்காது, தட்டுக்கடியில் ஒளித்துவைப்பான்.

தூக்குப்படுக்கையை வயலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். வெர்னும் மார்லிஸும் அவனுடைய வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தோளில், காலணிகள் இருந்த இடத்தில், சேறு அப்பியிருந்தது. மடியில் மெஷினை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் போனப்புறம் ஏதாச்சும் சொன்னானா?"

மார்லிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்னக் கேட்டார். வெர்ன் வந்துட்டானா, வெர்ன் வந்துட்டானான்னு."

வெர்ன் அவள் பக்கம் திரும்பினான்.

"அவன் அப்படிக் கேக்கற ஆளில்லையே, மார்லிஸ்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?"

"நீ வருவேன்னு அவர் நம்பணும்னு சொன்னேன்," என்றாள். "கால உதைக்கணும்னு."

வெர்ன் மெஷினைக் கீழே வைத்தான். எதிரே வயலில் அந்த ஆட்கள் படுக்கையோடு சின்னதாகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவன் உலகத்துல நம்பின ஒரே ஆள் நீதான்," என்றான். "அந்த ஒண்ணாவது அவனுக்கு இருக்கட்டும்னுதானே நான் வாயத் திறக்கல."